எச்சில் படாத நெல்லிரசம்

நான் படித்த இரசாயனவியல் துறையின் மாணவர் மன்றம் ஆண்டுதோறும் ஒரு மலர் வெளியிடுகிறது. இந்த ஆண்டு அதில் 'ஓய்வுபெற்றோர் பக்கம்' என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்து என்னிடமும் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்துமூன்று. கேட்க வந்த மாணவிகள் இருவரிடமும் இதைச் சொன்னேன். நான் இனி எந்தத் தொழிற்சாலைக்கும் போகமாட்டேன் என்று கேள்விப்பட்டதாகவும், அதனால்தான் வந்ததாகவும் அவர்களில் ஒருத்தி தயங்கிச் சொன்னாள். சரியான விளக்கம்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் குளிர்பானமோ உணவோ செய்யும் எந்த முதலாளியும் இனி என்னைத் தன் ஆய்வுகூடத்துக்குள் விடமாட்டார். ஆகவே நான் ஓய்வுபெற்றவள்தான்.

தொழிற்சாலை வேலை பெண்பிள்ளைகளுக்கு நல்லதா என்று எழுதச் சொன்னார்கள். இப்போது எல்லாத் தொழிற்சாலையிலும் வாசலிலேயே சாமிப் படத்துக்குக் கீழே தரச்சான்றிதழ் தொங்குகிறது. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஆய்வுகூடம். வெள்ளை மேலங்கியோடு ஒரு பெண் உள்ளே நிற்பாள். வருகிறவர்கள் கண்ணாடி வழியே அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எட்டு ஆண்டுகள் அந்தக் கண்ணாடிக்குள் நின்றவள் நான். உள்ளே நிற்பவளுக்கு என்ன மதிப்பு என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். போர்நிறுத்தத்தில் வடக்குக்கு ஏ-9 பாதை திறந்த காலத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு வடக்கே வந்து, வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டக்காரரின் காணி மூலையில் குடிசை போட்டார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. நான் பேசும் தமிழைக் கேட்டு வகுப்பு சிரித்தது. சில மாதங்களில் அவர்களைப் போலவே கதைக்கப் பழகினேன். ஒரு வருடத்தில் அவர்களைவிடக் கூடுதலான புள்ளி எடுக்கப் பழகினேன். மிச்சத்தைச் சுருக்கிச் சொல்லலாம்: சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழகம், சிறப்புப் பட்டம். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தக் கையெழுத்துக்குக் கீழே 'இரசாயனவியலாளர்' என்று எழுதிய முதல் ஆளும் நான்தான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அடக்கத்தை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போகலாம்.

தொழிற்சாலை நல்லூரிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருந்தது. நெல்லிரசம், மாம்பழச்சாறு, தேசிக்காய்ச்சாறு என்று கெட்டியாகக் காய்ச்சிப் போத்தலில் அடைப்பார்கள். வாங்குகிறவர்கள் தண்ணீர் கலந்து குடிக்கவேண்டும். நேர்முகத் தேர்வில் முதலாளி பேசாமல் இருந்தார். கேள்வி கேட்டவர் அவருடைய மைத்துனர் கனகசபை மாஸ்டர், தொழிற்சாலையின் முகாமையாளர். அதற்கு முன் பல காலம் விஞ்ஞானம் படிப்பித்தவர். இரசாயனத்தில் ஒரு கேள்வியும் அவர் கேட்கவில்லை.

"சொந்த இடம் எது?" என்றார்.

வட்டுக்கோட்டை என்றேன்.

"அங்கை ஆரின்ரை பிள்ளை?"

"வெங்காயம் கிண்டுற ராமசாமியின்ரை பிள்ளை."

நாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. முதலாளியைப் பார்த்தார், முதலாளி கூரையைப் பார்த்தார். பட்டதாரி ஒருவர் இருந்தால்தான் தரச்சான்றிதழ் என்று அதைக் கொடுப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகாமல் அகப்பட்ட பட்டதாரி நான் ஒருத்திதான். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தேன்.

மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்ப்பார். அவர் எதையும் கேள்வியாகத்தான் தொடங்குவார். பதில் தனக்கு மட்டுமே தெரியும் என்ற நம்பிக்கையோடு கொஞ்சம் நிறுத்தி, பிறகு தானே சொல்லிவிடுவார். காய்ச்சும் அண்டாவுக்குள் அகப்பையை விட்டுத் தூக்கி, ஒழுகும் சாற்றை வெளிச்சத்தில் பார்த்து, "பதம் சரி" என்பார். அந்தப் பதத்தில் எத்தனையோ தொகுதி புளித்துத் திரும்பி வந்திருக்கிறது. அதற்குப் போத்தல் கழுவுகிறவர்களைத் திட்டுவார். என் ஆய்வுகூடத்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை. நிலைப்படியில் நின்று கையை நீட்டுவார். நான் கொடுக்கும் முடிவுத்தாளை, ஈரத் துணியைத் தூக்குவதுபோல ஒரு மூலையில் பிடித்து வாங்குவார். பார்க்க வருகிறவர்களிடம் கண்ணாடிக்கு வெளியே நின்று என்னை அறிமுகப்படுத்துவார்: "எங்கடை கெமிஸ்ற். மலையகப் பிள்ளை. எண்டாலும் கெட்டிக்காரி." எட்டு ஆண்டுகளில் அந்த 'எண்டாலும்' ஒருமுறைகூடத் தவறவில்லை.

என் வேலைகளில் முக்கியமானது ஒன்று. சாறு பழுதாகாமல் இருக்க ஒரு வெள்ளைத்தூள் சேர்ப்பார்கள். சோடியம் மெற்றாபைசல்பைற்று அதன் பெயர். சாற்றுக்குள் அது கந்தகவீரொட்சைட்டாக மாறிப் பூஞ்சணம் வராமல் காக்கும். அளவாகப் போட்டால் ஒன்றுமில்லை. கூடினால் தொண்டையைப் பிடிக்கும். முட்டு வருத்தக்காரருக்கு, அதாவது ஆஸ்த்துமா உள்ளவர்களுக்கு, மூச்சே அடைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் அது எவ்வளவு என்று பார்க்கவேண்டும். சாற்றைக் குழாயியால் அளந்து குடுவைக்குள் விட்டு, காரம் சேர்த்துக் கொஞ்சநேரம் மூடி வைப்பேன். சீனியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கந்தகம் அப்போதுதான் விடுபடும். பிறகு அமிலம், கொஞ்சம் மாப்பொருட் கரைசல். மேலே அளவி என்ற கோடிட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து அயடீன் துளித்துளியாக விழும். விழுந்த இடத்தில் நீலம் தோன்றி மறையும். மறையாமல் நிற்கிற துளியில் அளவியை மூடவேண்டும். எவ்வளவு அயடீன் இறங்கியதோ அதிலிருந்து கந்தகத்தைக் கணக்கிடலாம்.

நெல்லியில் ஒரு சிக்கல் உண்டு. அதிலுள்ள விற்றமின் சியும் அயடீனைத் தின்னும். எனவே நெல்லிக்கு இந்த நியமிப்பை இரண்டு குடுவைகளில் செய்வேன். இரண்டாவது குடுவையில் ஃபோர்மலின் விட்டுக் கந்தகத்தைக் கட்டிப்போட்டால் விற்றமின் மட்டும் அயடீனைத் தின்னும். முதலாவதிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது கந்தகம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே தேடிப் படித்துச் செய்தேன்.

ஆண்டுக்கொருமுறை ஒரு தொகுதிக்கு மட்டும் இந்தச் சோதனை கிடையாது. முதலாளியின் ஊரில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. அதன் தேர்த்திருவிழாவுக்கு அவர் தண்ணீர்ப்பந்தல் போடுவார். அங்கே கொடுக்கிற நெல்லிரசம் தொழிற்சாலையில்தான் தயாராகும், ஆனால் தொழிலாளர் கையால் அல்ல. கலவை அறையை மஞ்சள்தண்ணீர் தெளித்துக் கழுவி, முதலாளி குடும்பத்தார் விரதமிருந்து, தோய்ந்து, ஈரத் தலையோடு உள்ளே போவார்கள். மீன், இறைச்சி சாப்பிடுகிறவர்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது. துடக்கு, அதாவது மாதத் தீட்டு, வரும் வயதுப் பெண்களில் குடும்பத்தார் தவிர மற்றவர்கள் போகக்கூடாது. 'மற்ற ஆக்களும்', அதாவது சாதியில் கீழே என்று அவர்கள் நினைப்பவர்களும், போகக்கூடாது. நான் மூன்றிலும் அடக்கம். அந்த நாட்களில் எனக்கு விடுமுறை. செய்ததை யாரும் ருசி பார்க்கக்கூடாது, மணக்கவும் கூடாது. அம்மாளாச்சிக்குப் படைக்கும்வரை அதில் எச்சில் படக்கூடாது.

சேர்ந்த வருடமே மாஸ்டரிடம் சண்டை பிடித்தேன். நான் ருசி பார்க்கவில்லை, குடுவையில் விட்டுச் சோதிக்கிறேன், அவ்வளவுதான் என்றேன். அவர் வழக்கம்போல நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சோதிக்கிறது எண்டால் என்ன? சாமிக்கு முந்தி நீர் அதை அறியிறீர். ருசி பாக்கிறதும் அதுதான் பிள்ளை."

விஞ்ஞானம் படிப்பித்தவர். இந்த மூளையை வகுப்பில் எதற்குச் செலவழித்தார் என்று தெரியவில்லை.

போன வருடம் முதலாளியின் மகன்மார் இருவரும் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வெளிநாட்டில் இருந்தாலும் பக்தி குறையவில்லை என்று ஊருக்குக் காட்டவேண்டும் அல்லவா. அந்த முறை நெல்லிரசம் பெரும் பெருமையோடு தயாரானது. நான் விடுமுறை முடிந்து தேருக்கு முதல்நாள் காலை வேலைக்குப் போனேன். நெல்லிரசம் நிரப்பிய ஆறு பரல்கள், பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்கள், வாயில் மஞ்சள்துணி கட்டி முற்றத்து நிழலில் நின்றன.

அண்டா கழுவுகிறவள் ஜெசிந்தா. குருநகரில் மீன்பிடிக் குடும்பம், வேதக்காரப் பிள்ளை. கலக்கும்போது அவளும் உள்ளே போகக்கூடாது. கலக்கி முடிந்தபின் அழுக்கைக் கழுவ மட்டும் போகலாம். அதற்குத் துடக்கு இல்லை. அன்று கலவை அறைக்குப் போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து குந்தினாள். மூச்சு விசிலடித்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. முட்டுக்காரி, இழுக்கிற மருந்து எப்போதும் இடுப்பில் இருக்கும். இழுத்துவிட்டு மாமர நிழலில் சாய்ந்திருந்து, கதைக்க முடிந்ததும் சொன்னாள். கலக்கும்போது கம்பிவலை ஜன்னலால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"ஆளுக்கு மூண்டு தரம் போட்டவை, மிஸ். பொங்கலுக்கு அரிசி போடுற மாதிரி. முதல் சீனி. பிறகு அந்த வெள்ளைத்தூள்."

"தூளையும் கையாலையோ?"

"ஓம். தாம்பாளத்திலை வைச்சு. லண்டன்காரரின்ரை மனிசி பிந்தி வந்தவ. தாம்பாளத்திலை முடிஞ்சுது. அவ மனவருத்தப்படப் போறா எண்டு மாஸ்டர் வாளியைத் திறந்து இன்னும் அள்ளிக் குடுத்தவர்."

களஞ்சியத்துக்குப் போய் வாளியைப் பார்த்தேன். அடி தெரிந்தது. மாதக் கணக்கில் வரவேண்டிய தூளைப் புண்ணியத்துக்குப் பங்கு போட்டு முடித்திருந்தார்கள். ஒருவர் போட்டால் மற்றவருக்குப் புண்ணியம் குறைந்துவிடும் என்று எல்லோருமே போட்டிருந்தார்கள்.

அண்டாவின் அடிக் குழாய் வளைவில் தேங்கிய சாற்றை ஜெசிந்தா கழுவுவதற்குமுன் ஒரு வாளியில் வடித்து வைத்திருந்தாள். பரலுக்குள் போகாதது, ஆகவே சாமிக்கு உரியதல்ல. அதில் நெல்லிக்குரிய இரண்டு நியமிப்பையும் செய்தேன். அளவி முழுவதும் இறங்கியது, நீலம் நிற்கவில்லை. திரும்ப நிரப்பினேன். நம்பாமல் புதிதாக எடுத்து முதலிலிருந்து செய்தேன். அதே முடிவு. பந்தலில் தண்ணீர் கலந்து ஊற்றினாலும், நாங்கள் கடைக்கு அனுப்பும் கலக்காத போத்தலில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். அதைக் குடிக்கப்போவது யார்? விடியமுதல் ஒன்றும் சாப்பிடாமல், வெயிலில் வெறுங்காலோடு வடம் இழுத்துவிட்டு வருகிறவர்கள். அவர்களோடு ஓடிவரும் சின்னப் பிள்ளைகள். அவர்களில் ஜெசிந்தா போல எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்?

முடிவுத்தாளோடு மாஸ்டரின் மேசைக்குப் போனேன். வாசித்தார். நிறுத்தினார்.

"நெல்லியிலை என்ன இருக்கு?" என்றார். "விற்றமின் சி. அயடீன் அதுக்குத்தான் போயிருக்கு. உதைப் பாத்து நீர் பயந்திட்டீர்."

விற்றமினைக் கழித்த கணக்கை எடுத்து முன்னால் வைத்தேன். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. மூலையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு குழாயில் கிடந்தது அடிமண்டி, பரலில் அப்படி இராது என்றார்.

"அப்ப ஒரு பரலைத் திறந்து தாங்கோ, மாஸ்டர். சரியெண்டு வந்தால் நான் பிழை செய்தனான் எண்டு எழுதித் தாறன்."

"நாளைக்குத் தேர். இண்டைக்கு நீர் சாமியின்ரை பரலைத் திறக்கப் போறீரோ? பேசாமல் போய் வேலையைப் பாரும்."

தான் செய்தது என்ன என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். முதலாளி குடும்பம் முழுவதும் பார்த்திருக்கத் தன் கையால் அள்ளிக் கொடுத்ததைப் பிழை என்று சொல்ல அவரால் முடியாது. ஊரில் யாருக்காவது மூச்சு நின்றாலும் பரவாயில்லை.

முதலாளியிடம் போனேன். அவர் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். சத்தம் போட்டுக் கதைத்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நான் சொன்னதெல்லாம் கேட்டார். ஜெசிந்தாவுக்கு வந்ததையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, நீர் பரலிலை கை வைச்சனீரோ?"

இல்லை, குழாயில் இருந்ததைத்தான் எடுத்தேன் என்றேன். அவர் மூச்சு விட்டார். "அப்ப சரி. மிச்சத்தை அம்மாளாச்சி பாத்துக்கொள்ளுவா."

சுகாதாரப் பரிசோதகருக்குத் தொலைபேசி எடுத்தேன். கோயிற் கடமையில் இருப்பதாகவும், தேர் முடிந்தபின் போத்தலைக் கொண்டுவந்து தரும்படியும் சொன்னார். தேர் முடிந்தபின் கொண்டுபோக எதுவும் மிஞ்சியிராது. எல்லாம் ஊராரின் வயிற்றுக்குள் இருக்கும்.

சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முதலாளியின் கேள்விதான் தலைக்குள் ஓடியது. கந்தகம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. ஜெசிந்தாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. என் கை பட்டதா என்று மட்டும் கேட்டார். எட்டு ஆண்டு நான் கொடுத்த முடிவுத்தாள் எதையும் அவர் இந்தக் கவனத்தோடு கேட்டதில்லை. அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பதை அவரே எனக்குச் சொல்லிவிட்டார். வேலை போகும் என்பது தெரியும். இந்தக் குடாநாட்டில் வேறு வேலையும் கிடைக்காது என்பதும் தெரியும். படித்த படிப்பை அம்மாவிடம் எப்படிச் சொல்லி மூட்டை கட்டுவது என்றுதான் யோசித்தேன்.

விடிந்ததும் போனேன். பரல்களை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏற்றியிருந்தார்கள். ஜெசிந்தா தேத்தண்ணி குடிக்கும் சில்வர் பேணியை எடுத்துக்கொண்டு பெட்டியில் ஏறினேன். முதற் பரலின் மஞ்சள்துணியை அவிழ்த்துப் பேணியால் மொண்டு ஒரு மிடறு குடித்தேன். தீக்குச்சி மருந்தைப் பற்றவைத்து விழுங்கியதுபோல இருந்தது. இருமினேன். மிச்சத்தைப் பரலுக்குள்ளேயே ஊற்றினேன். அடுத்த பரல். சாரதி உள்ளே ஓடினான். மூன்றாவதை அவிழ்க்கும்போது முதலாளி பட்டு வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக வெளியே வந்தார்.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

யாழ்ப்பாணத்துப் பேச்சு ஒன்றும் அந்த நேரம் என் வாயில் வரவில்லை. "குடிக்கிறேங்க ஐயா. குடிச்சிட்டு மிச்சத்த உள்ளயே ஊத்துறேன்" என்றேன். ஊற்றியும் காட்டினேன்.

மாஸ்டர் ஓடிவந்தார். "இறங்கடி கீழை" என்றார். எட்டு வருட 'நீர்' ஒரு நொடியில் போயிற்று. "உன்ரை புத்தியைக் காட்டிப்போட்டாய் என்ன?"

"இன்னும் மூணு இருக்குங்க மாஸ்டர்."

யாரும் ஏறி என்னைப் பிடித்து இழுக்கவில்லை. பெட்டியில் ஏறினால் என்னைத் தொடவேண்டி வரும், தொட்டால் திரும்பத் தோயவேண்டும், தேருக்கு நேரமாகிறது. ஆறையும் முடித்துவிட்டு நானே இறங்கினேன்.

இளைய மாணவிகள் இந்த இடத்தைக் கவனமாக வாசிக்கவேண்டும். சிறப்புப் பட்டத்தால் அசைக்க முடியாத ஆறு பரல்கள் என் எச்சிலால் அசைந்தன. முதலாளி கையைக் காட்டினார், அவ்வளவுதான். பின்வளவில் கிடங்கு வெட்டி அவ்வளவையும் கவிழ்த்தார்கள். ஊற்றிய இடத்தில் புல் வெளுத்துச் செத்துப்போனதாக ஜெசிந்தா பிறகு சொன்னாள். லாண்ட்மாஸ்டருக்குத் தீர்த்தம் தெளிக்க ஐயரை அழைத்தார்கள். கந்தகத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை. தோட்டக்காட்டுப் பெட்டை ஒருத்தி கொழுப்பெடுத்துச் சாமிக்குச் செய்ததை எச்சிலாக்கினாள் என்பதுதான் ஊர்க்கதை. அந்தக் கதையில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. கேட்பவர்களிடம் நான் மறுப்பதும் இல்லை.

"இனி வரவேண்டாம் பிள்ளை" என்று முதலாளி அதே மெல்லிய குரலில் சொன்னார். அதுதான் என் ஓய்வு.

நான் வீட்டுக்குப் போகவில்லை. தொண்டை எரிந்தபடியே சைக்கிளைக் கோயிலுக்கு விட்டேன். தேர் பாதி வீதி வந்திருந்தது. தண்ணீர்ப்பந்தலில் நெல்லிரசம் இல்லாததால் அவசர அவசரமாக எங்கோ மோர் கரைத்து நிரப்பியிருந்தார்கள். அகப்பையோடு நின்றது மாஸ்டர். நானும் வரிசையில் நின்றேன். பந்தலில் வந்தவரை இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. என் முறை வந்தபோது அவர் என்னைப் பார்க்காமல், அகப்பையை உயரத் தூக்கி என் கோப்பைக்குள் ஊற்றினார். அங்கேயே நின்று குடித்தேன். கீரிமலைக் கடலில் வாய் கொப்பளித்ததுபோல உப்பு.

"உப்புக் கூடிப்போச்சு. ருசி பாக்கேல்லையோ, மாஸ்டர்?"

"அடுத்த ஆள்" என்றார் அவர்.

அடுத்தது ஒரு பெண், அவளுக்குப் பின்னால் மண் அப்பிய கால்களோடு பிள்ளைகள். வாங்கிய உடனே வாயில் வைத்தார்கள். முகத்தைச் சுளித்தார்கள். ஒருத்தி மற்றவளைப் பார்த்துச் சிரித்தாள். தாகம், ஆகவே முழுவதையும் குடித்தார்கள். கோப்பைகளை எறிந்துவிட்டுத் தேருக்குப் பின்னால் ஓடினார்கள்.